மார்கழிக்கு மட்டும் ஒரு குரல்

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கண்ணைக் கட்டி இறக்கிவிட்டாலும், நடப்பது என்ன மாதம் என்று ஒலிபெருக்கியை வைத்தே சொல்லிவிடலாம். ஆடி பிறந்தால் எல்.ஆர். ஈஸ்வரி அம்மனைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். கார்த்திகையில் மாலை போட்டவர்களுக்கு கே. வீரமணி. கந்த சஷ்டிக்குச் சூலமங்கலம் சகோதரிகள். பள்ளிவாசல் தெருவுக்கு நாகூர் ஹனீபா. மார்கழி என்றால் விடிவதற்கு வெகு முன்பே எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவை. அந்த மார்கழியின் பத்தாம் தேதி வாக்கில் கிறிஸ்துமஸ் வந்துவிடும். அப்போது சென்னையின் ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும், கேரளத்திலும், கொழும்பிலும் அமெரிக்கப் பாடகர் ஒருவரின் கனத்த, தணிந்த குரல் வெளியே வரும். அவர் ஜிம் ரீவ்ஸ்.

இவர்களில் பலர் இன்று இல்லை. பதிவுகளில் பெரும்பாலானவை ரிக்கார்டுத் தட்டுக் காலத்தவை. அதற்குப் பிறகு அதே பாடல்களை எத்தனையோ பேர் இன்னும் நல்ல ஸ்டுடியோக்களில், இன்னும் துல்லியமாகப் பாடிவிட்டார்கள். ஆனாலும் கோயில் கமிட்டிக்காரர் கை பழைய பதிவுக்குத்தான் போகிறது. கேட்டால் ஒருவர் பக்தி என்பார், இன்னொருவர் பழைய நினைவு என்பார். பக்திதான் காரணம் என்றால் எந்தக் குரலும் போதும். பழைய நினைவு என்றால், ரிக்கார்டு என்ற பொருளையே கையில் தொட்டிராத பிள்ளைகளுக்கு இந்தக் குரல்கள் எப்படிப் பிடித்தன? இரண்டு பதிலும் பாதி தூரம்தான் வருகின்றன.

முதலில் ஜிம் ரீவ்ஸைப் பார்த்துவிடலாம். அவர் விஷயம் எளிது. 1923-இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். அமெரிக்கத் தென்பகுதியின் கிராமத்து இசையான கன்ட்ரி பாடல்களைத் தொடக்கத்தில் மற்றவர்களைப் போலவே உரக்கப் பாடினார். 1957-இல் ‘ஃபோர் வால்ஸ்’ என்ற பாடலின்போது தொண்டையைத் தணித்து, உதடு மைக்கில் படும் அளவுக்கு நெருங்கி நின்று பாடிப் பார்த்தார். ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனிக்கு அது முதலில் ரசிக்கவில்லை. தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் அவர் பக்கம் நின்றார். பாட்டு வெற்றி பெற்றது. அன்று முதல் அவர் கேட்பவரின் காதருகே பேசுகிறவர் ஆகிவிட்டார்.

‘ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்’ என்ற அவருடைய இசைத்தட்டு 1963-இல் வந்தது. தேவாலயத்தில் பாடும் பழைய கீதங்கள் சில, துள்ளல் பாட்டு ஒன்றிரண்டு, பண்டிகை நாளில் தனியாக இருப்பவனின் ஏக்கம், பழைய வாழ்த்து அட்டையை எடுத்துப் பார்க்கும் ஒருவரின் பாட்டு என்று கலவையானது. 1964 ஜூலை 31 அன்று, தன் சிறிய விமானத்தைத் தானே ஓட்டிவந்தவர், நாஷ்வில் அருகே புயல் மழையில் சிக்கி இறந்தார். அந்தத் தட்டுக்கு இரண்டாவது கிறிஸ்துமஸ் வந்தபோது பாடியவர் உயிரோடு இல்லை. அவருடைய வெளிவராத பதிவுகளை மனைவி மேரி ரீவ்ஸ் பல ஆண்டுகள் வெளியிட்டுக்கொண்டே இருந்தார்.

அமெரிக்காவில் அவர் காலத்துப் பாடகர் பலரில் ஒருவர். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அவருக்குக் கிடைத்த இடம் வேறு. ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக, மென்று விழுங்காமல் உச்சரிப்பார். பள்ளிக்கூட ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கும் புரியும். அழ வைக்கும் வரிகளை அழாமல் பாடுவார். இதை முக்கியமாகக் கருதுகிறேன். உருக்கமான பாட்டில் பாடகரே உருகிவிட்டால் கேட்பவருக்கு அங்கே வேலையில்லை. ஒரு முறை கேட்கலாம். ஐம்பது டிசம்பர் கேட்க முடியாது.

வசந்தகுமாரியிடமும் இதே அடக்கம் உண்டு. அவரிடம் அது இன்னும் வியப்பானது. 1928-இல் பிறந்த அவர், தாய் லலிதாங்கி, தந்தை கூத்தனூர் அய்யாசாமி ஐயர் என இருவருமே இசைக்காரர்களாக இருந்த வீட்டில் வளர்ந்தவர். ஜி.என். பாலசுப்ரமணியத்தின் மாணவி. ஜி.என்.பி. வழி என்றால் மின்னல் பிருகா. மூன்று ஸ்தாயியிலும் பாயும் வேகம். கச்சேரியில் வசந்தகுமாரி அதில் யாருக்கும் சளைத்தவர் இல்லை. 1977-இல் சங்கீத கலாநிதி விருது வந்ததும் அந்த வித்வத்துக்காகத்தான். அப்படிப்பட்டவர் திருப்பாவைக்கு வரும்போது வேகத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார். ராகத்தின் முகத்தைக் காட்டிவிட்டுச் சாகித்யத்துக்குள் போய்விடுவார். எட்டு அடி, நேரான நடை, தெளிவான சொல், முடிந்தது. கூடவே பாட நினைக்கும் பாட்டிக்கும் பேத்திக்கும் மூச்சு எட்டும்படி பாடியிருக்கிறார்.

அந்தக் குரல் ஊருக்குப் புதிதாக இருக்கவும் இல்லை. 1951-இல் ‘மணமகள்’, 1956-இல் ‘மதுரை வீரன்’ என்று திரையரங்குகளில் அவர் பாட்டை ஜனங்கள் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். சபாவில் கால் வைக்காதவருக்கும் எம்.எல்.வி. தெரிந்த குரல்தான். சாஸ்திரிய சங்கீதத்துக்கும் சினிமாவுக்கும் ஒரே வாசலில் நின்ற குரல் ஒன்று பாசுரம் பாடியது. தெருவுக்கு வர அதற்குச் சிபாரிசு வேண்டியிருக்கவில்லை.

மெட்டு அவருடையது இல்லை. முப்பது பாசுரங்களுக்கும் இன்று பரவலாகப் பாடப்படும் ராகங்களை அமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். 1890-இல் பிறந்து 1967-இல் மறைந்தவர். இன்றைய கச்சேரி முறைக்கே வடிவம் கொடுத்தவர் என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில், காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி திருப்பாவை, திருவெம்பாவை இரண்டையும் சைவ வைணவ வேறுபாடு பாராமல் பரப்ப முனைந்த சூழலும் இதற்குப் பின்னால் இருந்தது. ஆக, ஆண்டாள் காலத்திலிருந்தே வருவதாக நம் காதுக்குத் தோன்றும் இந்த இசைக்கு நூறு வயதுகூட ஆகவில்லை.

அரியக்குடியின் ராக வரிசையைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். முதல் பாசுரம் நாட்டை, இரண்டாவது கௌளை, மூன்றாவது ஆரபி, நான்காவது வராளி, ஐந்தாவது ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்தினக் கிருதிகளைக் கேட்டவருக்கு இந்த வரிசை எங்கேயோ இடிக்கும். அதே ஐந்து கன ராகங்கள், அதே ஒழுங்கு. பக்திப் பாட்டுக்கு மெட்டுப் போடச் சொன்னால் மனிதர் கச்சேரி மேடையின் கம்பீரத்தை வாசலில் நிறுத்தியிருக்கிறார். ஆறாவதிலிருந்து தோழியரை எழுப்பும் பாசுரங்கள். வீடு வீடாகப் போகிற அந்தப் பகுதியில் சங்கராபரணம், பைரவி, தன்யாசி, தோடி, உசேனி, கேதாரகௌளை, அடாணா என்று ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு ராகம். பதினைந்தாவது, வெளியே நிற்பவர்களுக்கும் உள்ளே படுத்திருப்பவளுக்கும் நடக்கும் வாய்ச்சண்டை, அதற்கு பேகடா. இருபத்து மூன்றில் குகையிலிருந்து சிங்கம் விழித்து எழுகிறது. அங்கே காலை ராகமான பிலஹரி. இருபத்தொன்பதுக்கு மத்யமாவதி, முப்பதுக்குச் சுருட்டி. இரண்டுமே மங்களத்துக்கு உரியவை. முப்பது நாளும் சேர்ந்து ஒரே கச்சேரி. நாட்டையில் தொடங்கி மங்களத்தில் முடிகிறது. இலக்கணம் தெரியாதவர் காதிலும் அந்தத் தொடக்கமும் முடிவும் பதிந்திருக்கும். பொங்கல் நெருங்கும்போது சுருட்டி ஒலித்தால் மாதம் முடிகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. ஆண்டாளின் சொந்த ஊர்க் கோயிலில் இந்த இசை மையமாக இல்லை. அங்கே கோஷ்டியினர் சேவிப்பது மரபான ஓதும் நடையில்; நாட்டைக்கும் கௌளைக்கும் அதில் இடமில்லை. அரையர் சேவை இன்னும் நடக்கும் மிகச் சில தலங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்று. தாளமும் குல்லாயுமாக அரையர் பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, வியாக்கியானமும் சொல்வது எந்த இசைத்தட்டுக்கும் அடங்காது. மார்கழியில் ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு உற்சவம் எட்டு நாள் நடக்கும். பகல்பத்து தொடக்கத்தில் பெரியாழ்வார் வம்சத்தார் வீட்டில் காய்கறிகளைப் பரப்பி வைத்து, பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணை வரவேற்பது போல அவளை வரவேற்பார்கள். பச்சை பரத்தல் என்று அதற்குப் பெயர். இவை அனைத்தும் ஆண்டுக்கு ஆண்டு புதிதாக மனிதர்கள் கூடிச் செய்பவை. சேவிப்பவர் மாறுவார், குரல் மாறும், சில நாள் தொண்டை கட்டியிருக்கும்.

கோபுரத்தின் நிழலைத் தாண்டி வெளியே வந்தால் வேறு உலகம். வத்திராயிருப்புப் பக்கம் இருக்கும் சுந்தரபாண்டியம் கைத்தறிப் பருத்திச் சேலைக்குப் பெயர்போன ஊர். நெசவாளர் ஊர்களில் விடியல் வேலை பெரிது. வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவு நீட்டி, கஞ்சி தடவி, இழை ஒட்டாமல் பிரித்துவிட வேண்டும். மார்கழி ஈரத்தில் கஞ்சி சீக்கிரம் காயாது. நூலோடு மல்லாட வேண்டியிருக்கும். வீட்டுக்குள் குழித்தறியில் காலை மிதித்து நாடாவை ஓட்டுகிறவருக்கும் கோயிலுக்குப் போய் நிற்க நேரம் கிடையாது. கோஷ்டியில் உட்கார்ந்து சேவிக்கும் வாய்ப்பு இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இந்தத் தெருக்களுக்குத் திருப்பாவை வந்தது ஒலிபெருக்கி வழியாக. கோயிலுக்குள் ஆண்கள் ஓதிக்கொண்டிருந்த பாட்டு, ஒரு பெண் பெண்களுக்காகப் பாடிய பாட்டு, ஊரறிய ஒரு பெண்குரலில் வெளியே வந்ததும் அப்படித்தான். மரபைக் காப்பவர்கள் ரிக்கார்டைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்ப்பதுண்டு. பாசுரத்தை இத்தனை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனதற்காகவாவது அதற்கு ஒரு கும்பிடு போடலாம்.

1963-இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எச்.எம்.வி. தட்டாக வந்தது. ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்துமஸ் தட்டும் அதே ஆண்டு. கடல்கடந்த இரண்டு கம்பெனிகள் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே காரியத்தைச் செய்திருக்கின்றன. வேளையும் காலமும் பார்த்துப் பாட வேண்டியதை, வேளையும் காலமும் இல்லாத வட்டத் தகட்டில் ஏற்றிவிட்டன. சுப்ரபாதம் ஆண்டு முழுவதும் ஒலிப்பது. திருமலையிலேயே மார்கழியில் அது விலகிக்கொண்டு திருப்பாவைக்கு இடம் கொடுக்கும். அந்த ஒரு மாத ஒதுக்கீடுதான் திருப்பாவைப் பதிவின் பலம் என்று நினைக்கிறேன்.

உளவியலாளர் ராபர்ட் சயன்ஸ் 1968-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒன்றை அடிக்கடி எதிர்கொண்டாலே, வேறு காரணம் எதுவும் இல்லாமல், அதன்மேல் விருப்பம் கூடும் என்பது அதன் சாரம். ஆனால் அளவுக்கு மிஞ்சிக் கேட்ட பாட்டு சலித்துப்போவதும் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதம் விடாமல் ஒலித்துவிட்டுப் பதினோரு மாதம் வாய் மூடிக்கொள்ளும் பதிவு இந்த இரண்டுக்கும் நடுவில் தப்பித்துவிடுகிறது. பழகும் அளவுக்குக் கேட்கிறோம். சலிப்பதற்குள் தை பிறந்துவிடுகிறது. இடைப்பட்ட காலத்தில் நமக்கு ஒரு வயது கூடியிருக்கும், வீட்டில் ஒருவர் குறைந்திருப்பார், ஒரு மருமகள் வந்திருப்பாள். பாட்டு மட்டும் போன வருஷம் விட்ட இடத்தில், அதே மூச்சில் தொடங்கும். சென்னை டிசம்பர் சீசனில் நேரில் பாடும் வித்வானைப் போன வருஷத்தோடு ஒப்பிட்டு விமரிசனம் எழுதுகிறோம். மார்கழிப் பதிவை யாரும் விமரிசிப்பதில்லை. அதை வைத்து அளக்கப்படுவது நாம்தான்.

அந்த மாறாத தன்மை எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் அமெரிக்கப் பாட்டு காட்டும். இர்விங் பெர்லின் எழுதி பிங் கிராஸ்பி 1942-இல் பதிவு செய்த ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ உலகப்போர் நடுவே வீட்டை விட்டு எங்கோ கிடந்த சிப்பாய்களின் பாட்டானது. தட்டு அச்சடித்து அச்சடித்து மூலப் பதிவே தேய்ந்துபோயிற்று. 1947-இல் கிராஸ்பியை மறுபடி அழைத்தார்கள். வேறு பாணியில் பாடிப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. முன்பு இருந்தது போலவே இருக்க வேண்டும் என்று மெனக்கெட்டுப் பதிவு செய்தார்கள். கம்பெனிக்கு விஷயம் புரிந்திருந்தது. வாங்குகிறவருக்குத் தேவை இன்னொரு நல்ல பாட்டு இல்லை, அந்தப் பாட்டு.

அந்தச் சிப்பாய்களுக்காவது உறைபனி பெய்யும் ஊர் ஒன்று இருந்தது. பாளையங்கோட்டையிலும் யாழ்ப்பாணத்திலும் ஜிம் ரீவ்ஸ் கேட்டு நெகிழ்கிறவர் அப்படி ஒரு கிறிஸ்துமஸைக் கண்டதே இல்லை. வாழாத வாழ்க்கைக்கு ஏங்குவது போலி உணர்ச்சி என்று விமரிசகர்கள் சொல்லக்கூடும். திருப்பாவையை நினைத்தால் இந்தக் குற்றச்சாட்டை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆண்டாளும் ஆயர்பாடியைப் பார்த்தவள் இல்லை. உரைமரபு சொல்வது இதுதான்: அவள் வில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகவும், ஊர்ப்பெண்களைக் கோபியராகவும், வடபத்ரசாயி கோயிலை நந்தகோபன் மாளிகையாகவும், உள்ளே பள்ளிகொண்டவனைக் கண்ணனாகவும் பாவித்துக்கொண்டாள். காணாத ஊரைத் தன் தெருவிலேயே எழுப்பிக்கொள்வது இந்த மாதப் பாட்டின் அடித்தளத்திலேயே இருக்கிறது. குடம் நிறையப் பால் சொரியும் பசுக்கள் இன்று சுந்தரபாண்டியத்துத் தெருவில் இல்லாததால் பாட்டுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. முழங்கை வழிய நெய் ஒழுகும் அக்காரவடிசிலை இருபத்தேழாம் நாள் கூடாரவல்லிக்குச் செய்கிறவர்கள், வடியாத அளவு நெய்தான் விடுகிறார்கள், டாக்டர் சொல்லியிருப்பார்.

பதிவு என்ற நோக்கில் பார்த்தால் பாசுரத்துக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. பதின்மூன்றாம் பாட்டில் வெள்ளி எழுந்து வியாழன் மறைந்த விடியல் வானம் வருகிறது. அதை வைத்துக் கணக்குப் போட்ட மு. இராகவையங்கார் ஆண்டாள் காலத்தைக் கி.பி. 731-ஐ ஒட்டி நிறுத்தினார். இந்த வானநிலை வேறு ஆண்டுகளுக்கும் பொருந்தும் என்று மறுத்தவர்கள் உண்டு. யார் கணக்குச் சரியாக இருந்தாலும், என்றோ ஒரு நாள் விடிந்த வானம் பாட்டில் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு மார்கழிப் பதின்மூன்றிலும், மேலே வெள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது எழுந்துகொண்டுதான் இருக்கிறது.

வசந்தகுமாரி 1990 அக்டோபர் 31 அன்று காலமானார். அடுத்த மார்கழிக்கு ஏழு வாரம்கூட இல்லை. ஜிம் ரீவ்ஸைப் போலவே அவருக்கும், இறந்த பின் வந்த முதல் சீசனில் பதிவு நிற்கவில்லை. அதற்குள் தட்டிலிருந்து கேசட்டுக்குப் போயிருந்தது, பிறகு சி.டி., இப்போது ஆம்ப்ளிஃபயரில் செருகிய பென்டிரைவ். இந்தக் கடைசி மாற்றத்தில் ஒரு சங்கடம் நுழைந்துவிட்டது. மரபுப்படி ஒவ்வொரு நாளும் அன்றைய பாசுரத்துக்குத்தான் சிறப்பு. பென்டிரைவ் தேதி பார்ப்பதில்லை. முதல் நாளே முப்பதும் ஓடித் தீர்ந்து, மறுபடி நாட்டைக்கு வந்து நிற்கும். நோன்பு தொடங்கும் முன்பே நெய்ச்சோறு பரிமாறிவிடுகிறார்கள். அரியக்குடி மாதம் முழுக்கப் பரப்பி வைத்த கச்சேரி ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அன்றன்றைக்குரிய பாட்டை மட்டும் தேடிப் போடுகிற கமிட்டிக்காரர் அமைந்த தெரு கொடுத்து வைத்தது.

யூடியூபில் எந்த மாதமும் கேட்கலாம். சித்திரை மதியத்தில் ஒருமுறை போட்டுக் கேட்டுப் பாருங்கள். குரல் அதே குரல், நாட்டை அதே நாட்டை. ஆனால் கிருதி ஒன்றைக் கேட்பதுபோல ராகத்தையும் சுருதியையும் கவனிக்கத் தொடங்கிவிடுவோம்.

இன்னொரு நெருக்கடி சட்டத்திலிருந்து வருகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்திலிருந்து காலை ஆறு மணி வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்கின்றன. திருப்பாவையின் நேரமோ அதற்கு முன்னால். நாலரை மணிக்குக் கூம்புக் குழாயில் அலறினால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், இரவு ஷிப்ட் முடித்து ராஜபாளையம் மில்லிலிருந்து வந்து படுத்தவருக்கும், சீக்காளிக்கும் எரிச்சல் வருவது நியாயம். காதருகே மெல்லப் பாடிய ஜிம் ரீவ்ஸையும் வேகத்தை அடக்கிய வசந்தகுமாரியையும் அந்தக் குழாய்கள் கிழித்துத்தான் வெளியே தள்ளின என்பதும் உண்மை. இப்போது பல கோயில்கள் குழாயை இறக்கிவிட்டு மண்டபத்துக்குள் பெட்டி ஸ்பீக்கரை வைத்துக்கொள்கின்றன. கோயிலுக்கு வருகிறவர் நன்றாகவே கேட்கலாம். நாலாவது தெருவில் பாவுக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருப்பவர் கேட்க வேண்டுமானால் செல்போனைச் சட்டைப் பையில் வைத்து அவரே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.